கடுமையான வழிகாட்டியும் கற்க வந்தவரும்



ஆசிரியரைப் போற்றும் பேச்சு நமக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் மே 16ஆம் நாள் ஆசிரியர் தினம் வருகிறது. நம்மை ஆளாக்கியவர்களை மேடையேறி நினைவுகூர்கிறோம், கண்கலங்குகிறோம். அது வேண்டியதுதான். ஆயினும், பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் நம்மை வழிநடத்த வந்தவர் கடுமையானவராக அமைந்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை நாம் மேடையில் எழுப்புவதில்லை. சிற்றுண்டிச்சாலையில் தாழ்ந்த குரலில் பேசுகிறோம். வீட்டுக்குப் போய் அழுகிறோம். சிலர் பணியையே விட்டுவிடுகிறோம். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில், அந்தத் தாழ்ந்த குரல் பேச்சை இன்று இந்த அவைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இந்தத் துன்பத்தின் இரண்டு பக்கங்களிலும் நான் இருந்திருக்கிறேன். கடுமையான வழிகாட்டியிடம் கற்றிருக்கிறேன். பின்னாளில் கடுமையான வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறேன். இரண்டையும் மறைக்காமல் சொன்னால்தான் இந்தப் பேச்சுக்குப் பயன் உண்டு.

சிவப்பு மை

1983ஆம் ஆண்டு சனவரி மாதம். தொடக்கப் பள்ளிகளுக்கான புதிய கலைத்திட்டம் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த ஆண்டு அது. பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியே வந்த கையோடு, பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டேன். புதிய கலைத்திட்டம் தொடங்கிய ஒன்றாம் ஆண்டு வகுப்பே எனக்குக் கிடைத்தது. புதியவனான என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தலைமையாசிரியர் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர் ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன.

மூன்றாம் நாள். படங்களைக் காட்டிக் கதை சொல்லிப் பாடத்துக்குப் பீடிகை அமைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பின் பின்புறம் அமர்ந்திருந்த அவர் எழுந்தார். "கதை போதும். எழுத்து எங்கே?" என்றார். பிள்ளைகள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு பையன் சிரித்தான். அவர் என் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி, மீதிப் பாடத்தைத் தாமே நடத்தி முடித்தார். மறுநாள் நான் வகுப்பில் நுழைந்ததும் ஒரு சிறுமி, "பெரிய சார் இன்றைக்கு வரவில்லையா, சார்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் கள்ளம் இல்லை. ஆனால் அந்த வகுப்புக்கு ஆசிரியர் யார் என்பதில் அவளுக்கு ஐயம் வந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

என் நாள் பாடத்திட்டப் புத்தகம் ஒவ்வொரு வாரமும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "இது பாடமா, வேடிக்கையா?" என்று ஒரு பக்கத்தில். "கல்லூரியில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா?" என்று இன்னொரு பக்கத்தில். ஒரு நாள் எழுது என்றதை மறுநாள் அடிக்கச் சொல்வார். என்னைப் பற்றிய மதிப்பீட்டில் அவருடைய சொல்லுக்கு எடை உண்டு; அந்த மதிப்பீட்டைப் பொறுத்துத்தான் நான் பணியில் உறுதிப்படுத்தப்படுவேன். ஆகவே வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாத முடிவில், பணியிட மாற்றம் கேட்டு ஒரு கடிதம் எழுதி, பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கடிதம் பையில் இருந்ததை அறிந்தவர் ஒருவர்தான். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியை அவர். வயதில் எனக்கு அக்காள் முறை. அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. வேலை ஒன்று கொடுத்தார். "தம்பி, ஒரு வாரத்துக்கு அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எழுதுங்கள். தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இந்தப் பக்கம் பாடம். அந்தப் பக்கம் கோபம். ஒவ்வொரு சொல்லும் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று பிரித்து எழுதுங்கள். வார முடிவில் கடிதத்தை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்" என்றார்.

எழுதினேன். கோபத்தின் பக்கம் நிரம்பும் என்று எதிர்பார்த்தேன், நிரம்பவும் செய்தது. ஆனால் பாடத்தின் பக்கமும் காலியாக இல்லை. "கதை போதும், எழுத்து எங்கே?" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்ன இடம் தவறு. சொன்ன விதம் தவறு. ஆனால், முப்பது நிமிடப் பாடத்தில் பதினைந்து நிமிடத்தைப் பீடிகைக்கே செலவிட்டிருந்தேன் என்பது உண்மை. ஒரே வாக்கியத்தில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். இந்த ஒரு பயிற்சிதான் என்னை அந்தப் பள்ளியில் நிறுத்தியது. கடிதம் பையிலேயே தங்கிவிட்டது.

நன்னூல் காட்டும் நால்வர்

பிற்காலத்தில் ஆறாம் படிவ மாணவர் சிலருக்கு மாலை வேளையில் இலக்கணம் சொல்லிக் கொடுக்க நேர்ந்தபோது, நன்னூலின் பொதுப்பாயிரத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நூல் அது. எழுத்தையும் சொல்லையும் சொல்லப் புகுமுன், கற்பிப்பவர் எப்படி இருக்க வேண்டும், கற்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் வகுத்துச் சொல்கிறார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமைகள். இவற்றைப் பள்ளி விழாக்களில் கேட்டிருப்பீர்கள். ஆசிரியர் ஆகாதவர் யார் என்பதற்கும் அவர் நான்கு உவமைகள் வைத்திருக்கிறார். அவற்றை நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். வாழ்க்கையில் பொருத்திப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில், கடுமையான வழிகாட்டியைப் புரிந்துகொள்ள இந்த நான்கைவிடத் தெளிவான கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

முதலாவது, கழற்குடம். கழற்சிக்காய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு நிரப்பிய குடம். கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. எல்லாம் ஒன்றாகக் கொட்டும். சில வழிகாட்டிகள் அறிவு நிறைந்தவர்கள். ஆனால் ஒரே மூச்சில் இருபது குறைகளைச் சொல்வார்கள். எதை முதலில் திருத்துவது என்று தெரியாமல் நாம் நிற்போம். இத்தகையவரிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பதில் பயனில்லை. ஒழுங்கை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கேட்டதை எழுதி, மறுநாள் எடுத்துச் சென்று, "ஐயா, நேற்று நீங்கள் சொன்னவற்றில் இந்த வாரம் எதை முதலில் சரிசெய்யட்டும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அவரையும் ஒழுங்குக்குக் கொண்டுவரும். முன்பின் முரணாகச் சொல்பவரிடமும் இந்த எழுத்துக் குறிப்பே காப்பு.

இரண்டாவது, மடற்பனை. கருக்கு நிறைந்த மட்டைகள் சூழ்ந்த பனை. ஏறிப் பறிக்க விடாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. கேட்டால் சொல்லாத வழிகாட்டிகள் இவர்கள். "நீங்களே பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்பார்கள். இவர்களிடம் கேள்விகளை அடுக்கினால் கையைக் கிழித்துக்கொள்வோம். ஆனால் பழம் விழும் இடத்தில் நாம் இருக்க வேண்டும். அவர் பாடம் நடத்தும்போது பின்னால் அமர்ந்து பார்க்க இசைவு கேளுங்கள். பெற்றோரிடம் அவர் எப்படிப் பேசுகிறார், அடம்பிடிக்கும் பிள்ளையை எப்படி அமர்த்துகிறார் என்று கவனியுங்கள். சொல்லில் தராததைச் செயலில் தந்துவிடுவார்.

மூன்றாவது, பருத்திக் குண்டிகை. வாய் குறுகிய குடுக்கையில் பஞ்சை அடைத்து வைத்தது போல. உள்ளே போவதும் அரிது; வெளியே வருவதும் சிறிது சிறிதாகத்தான். இவர்களுக்குத் தீய எண்ணம் இல்லை. சொல்லும் ஆற்றல் குறைவு. இவர்களிடம், "நான் எப்படி நடத்தினேன், ஐயா?" என்று அகலமாகக் கேட்டால், "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். "இன்றைய பாடத்தில் பின் வரிசைப் பிள்ளைகள் எந்த இடத்தில் கவனம் இழந்தார்கள்?" என்று கேளுங்கள். குறுகிய வாய்க்குக் குறுகிய கேள்வி.

நான்காவது, முடத்தெங்கு. நம் முற்றத்தில் நாம் நீர் ஊற்றி வளர்த்த தென்னை, வளைந்து அடுத்த வீட்டு முற்றத்தில் காய் உதிர்க்கும். பொறுப்பில் உள்ளவருக்குத் தராமல் தமக்கு வேண்டியவருக்கு மட்டும் சொல்லித் தரும் வழிகாட்டி இவர். வேலையெல்லாம் நம்மிடம் வாங்கிக்கொள்வார்; நுணுக்கத்தை வேறொருவருக்குச் சொல்வார். மற்ற மூன்றைவிட இதுவே மனத்தை அதிகம் புண்படுத்தும். மரத்தை நிமிர்த்த நம்மால் முடியாது. காய் விழும் முற்றத்துக்குப் போகலாம். அந்த முற்றத்தாரோடு நட்புக் கொள்ளலாம். வேறு வழிகாட்டிகளைத் தேடிக்கொள்ளவும் தயங்க வேண்டாம். ஒருவர் நியமிக்கப்பட்ட வழிகாட்டி என்பதால் அவர் ஒருவரிடம் மட்டுமே கற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எனக்கு இரண்டு பத்தித் தாளைக் கற்றுத் தந்தவர் என் வழிகாட்டி அல்லர். பக்கத்து வகுப்பு ஆசிரியை.

இந்த நான்கையும் சொன்ன இடத்திலேயே பவணந்தியார் அழுக்காறு, பேராசை, வஞ்சம் ஆகியவற்றையும், கேட்பவர் அஞ்சும்படி பேசுவதையும் சேர்த்துச் சொல்கிறார். அச்சுறுத்திப் பேசுபவர் ஆசிரியர் ஆகார் என்பது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. "அந்தக் காலத்தில் அடித்துத்தான் வளர்த்தார்கள்" என்று பெருமை பேசும்போது, அந்தக் காலத்து இலக்கணமே அதைக் குறையாக எழுதி வைத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தளிர் பார்த்த மாணவர்

வழிகாட்டி தீயவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நல்லவரும் சில நேரம் எட்டாத தொலைவில் இருப்பார். 1871இல் உ.வே. சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. அவ்வளவு ஆவலோடு வந்தவரை, மூத்த மாணவர் ஒருவரிடம் பாடம் கேட்கும்படி பிள்ளையவர்கள் விட்டுவிட்டார். நேரே ஆசிரியரிடமே கேட்க வேண்டும் என்ற ஏக்கம் இளைஞருக்கு. முறையிடவும் துணிவில்லை. பிள்ளையவர்களுக்குத் தம் தோட்டத்து மரங்கள் மீது பெரும் பற்று. காலையில் எழுந்து மரம் மரமாகச் சென்று, புதிதாகத் தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இதைக் கவனித்த சாமிநாதையர், அவருக்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குச் சென்று, எந்தக் கிளையில் தளிர் வந்திருக்கிறது என்று பார்த்து வைத்து, ஆசிரியர் வந்ததும் காட்டத் தொடங்கினார். அந்தத் தளிர்கள் வழியாக ஆசிரியரின் அன்பு அவர்பால் திரும்பியது. பிள்ளையவர்களிடமே பாடம் கேட்கும் பேறும் பின்னர் வாய்த்தது. என் சரித்திரத்தில் அவரே இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இதை முகத்துதி என்று எண்ணிவிடக் கூடாது. அந்த இளைஞர் பொய்யாக எதையும் புகழவில்லை. தம் ஆசிரியர் எதை நேசிக்கிறார் என்று கண்டு, அந்த இடத்தில் போய் நின்றார். ஒவ்வொரு வழிகாட்டிக்கும் இப்படி ஒரு தோட்டம் இருக்கிறது. நம் துன்பத்தையே எண்ணிக்கொண்டிருக்கும்போது அது நம் கண்ணில் படுவதில்லை.

என் வழிகாட்டியின் தோட்டம் எது? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. என் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு ழகரம் வரவில்லை. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றார்கள். கல்லூரியில் படித்த முறைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்துத் தோற்றுவிட்டு, ஒரு நாள் பள்ளி முடிந்ததும் அவரிடம் சென்று, "ஐயா, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு ழகரத்தை நீங்கள் எப்படிச் சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதன்முறையாக, "உட்காருங்கள்" என்றார். ளகரத்துக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டும். ழகரத்துக்கு ஒட்டாமல் வருடிச் செல்லும். ஆனால் பிள்ளையிடம் அண்ணம், வருடல் என்று பேசக் கூடாது. வாயை இயல்பாகத் திறந்து 'ஆ' என்று நீட்டச் சொல்ல வேண்டும். ஒலி நிற்காமலே நாக்கு நுனியை மெல்லப் பின்னால் மடக்கச் சொல்ல வேண்டும். மேலே இடித்துவிடாதே என்று மட்டும் சொல்ல வேண்டும். ழகரம் தானே பிறக்கும். இதை அவர் எனக்குச் செய்தே காட்டினார். மறுநாள் என் வகுப்பில் நான்கு பிள்ளைகள் வாழைப்பழம் என்றார்கள்.

அந்த மாலையில் வேறொன்றும் எனக்குப் புரிந்தது. அவர் முறையான பயிற்சிக் கல்லூரிக்குப் போனவர் அல்லர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைய 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி வகுத்தது; ஆனால் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அப்போது ஏது? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக நின்ற பள்ளிகள் உண்டு. அந்த மரபின் கடைசித் தலைமுறையில் வந்தவர் என் வழிகாட்டி. ஒரே கூரையின் கீழ் மூன்று வகுப்புகளை ஒருவராக நடத்தித் தாமே கற்றுக்கொண்டவர். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது புதிய கலைத்திட்டம் வந்தது. குழுமுறை, குறைநீக்கல், வளப்படுத்தல் என்று புதிய சொற்கள் வந்தன. அவற்றைச் சுமந்துகொண்டு இருபத்திரண்டு வயதில் நான் வந்தேன். என் பாடத்தைக் கண்டு அவர் சினந்தார் என்று எண்ணியிருந்தேன். தம் வாழ்நாள் உழைப்பு ஒரே ஆண்டில் மதிப்பிழந்து போகுமோ என்று அவர் அஞ்சியிருக்கிறார்.

இதற்குப் பிறகு எல்லாம் இனிதாகிவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. சிவப்பு மை நிற்கவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை கடுமையாகவே இருந்தார். காரணம் புரிந்துவிட்டதால் அவர் செய்தது சரியாகிவிடவும் இல்லை. ஆனால் நான் அஞ்சுவதை நிறுத்தினேன்.

நெருப்பின் முன் இருக்கும் முறை

ஆசிரியரிடம் மாணவர் பழகும் முறைக்கு நன்னூல் நெருப்பை உவமையாகக் காட்டுகிறது. குளிர் காய்பவர் நெருப்பை விட்டு அகல்வதுமில்லை, மிக நெருங்குவதுமில்லை. அரசரிடம் பழகுபவருக்குத் திருவள்ளுவரும் இதே உவமையைச் சொல்லியிருக்கிறார். அகன்றால் குளிர்; நெருங்கினால் சூடு. நாம் செய்யும் பிழைகள் இரண்டும் இதில் அடங்கும். ஒன்று, கடுமையானவரைக் கண்டதும் ஒளிந்துகொள்வது. மற்றொன்று, அவருடைய நற்பெயரைப் பெறுவதற்காக அவருடைய சொந்த வேலைகளையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு கருகிப்போவது.

ஆசிரியர் மகிழும் வகையில் நடக்க வேண்டும் என்று சொல்லும் நன்னூல், அதற்கு ஓர் எல்லையும் வைத்திருக்கிறது. அந்த நடத்தை அறத்திலிருந்து விலகாததாக இருக்க வேண்டும் என்பதே அது. இளைய ஆசிரியர்கள் இதை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். கடுமை வேறு, தீங்கு வேறு. பாடத்திட்டத்தை நான்கு முறை திருப்பி எழுதச் சொல்வது கடுமை, பொறுத்துக்கொள்ளலாம். மாணவரின் புள்ளியை மாற்றி எழுதச் சொல்வது, உங்கள் பயிற்றுத்துணைப் பொருளைத் தமது என்று காட்டிக்கொள்வது, உங்கள் குடும்பத்தையோ பிறப்பையோ உடலையோ இழித்துப் பேசுவது, தகாத முறையில் நெருங்குவது ஆகியவை தீங்கு. இவற்றைப் பொறுப்பது பணிவாகாது. நாள், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பயிற்சி ஆசிரியராயின் உங்கள் கல்விக் கழக விரிவுரையாளரிடம் சொல்லுங்கள். பணியில் இருப்பவராயின் தலைமையாசிரியரிடமும், அங்கே செவி கிடைக்கவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்திடமும் சொல்லுங்கள். நெருப்பு அடுப்பில் இருக்கும்வரைதான் குளிர் காயலாம்; கூரையில் பற்றிய பிறகும் பக்கத்தில் அமர்ந்திருக்கலாகாது.

நெய்யரி

இனி, நான் சொல்லக் கூசும் பகுதிக்கு வருகிறேன்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. நான் மூத்த ஆசிரியரானேன். என்னிடம் பயிற்சி ஆசிரியை ஒருவர் பயிற்றுப்பணிக்காக அனுப்பப்பட்டார். நல்ல உழைப்பாளி, குரல் மட்டும் மெல்லியது. இரண்டாம் வாரம் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, 'ஒற்று மிகும் இடம்' ஒன்றைத் தவறாகப் பலகையில் எழுதிவிட்டார். நான் பின் இருக்கையிலிருந்து எழுந்தேன். "தமிழாசிரியருக்கே ஒற்றுப் பிழையா?" என்று கேட்டுவிட்டு, அவர் கையிலிருந்த எழுதுகோலை வாங்கித் திருத்தினேன். பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மொழியைக் காத்த நிறைவோடு அமர்ந்தேன்.

அன்று பள்ளி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. "ஐயா, என் பிழைகள் ஒன்றையும் விடாமல் எனக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதித் தாருங்கள், அல்லது பிள்ளைகள் போன பிறகு சொல்லுங்கள். அவர்கள் முன்னால் சொன்னால், நாளைக்கு நான் சரியாகச் சொல்வதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்" என்றார்.

அன்றிரவு எனக்குச் சினம்தான் வந்தது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவனுக்கு இருபத்து மூன்று வயதுப் பெண் முறை சொல்லித் தருவதா என்று புரண்டு படுத்தேன். விடியும் வேளையில்தான், "பெரிய சார் வரவில்லையா, சார்?" என்ற அந்தச் சிறுமியின் குரல் நினைவுக்கு வந்தது. என் வழிகாட்டி எழுந்து நின்ற அதே இடத்தில், அதே விதமாக, நான் எழுந்து நின்றிருக்கிறேன்.

நன்னூல் மாணாக்கரையும் வகைப்படுத்துகிறது. தலையாய மாணாக்கருக்கு அன்னம் ஓர் உவமை. நீரை விலக்கிப் பாலைக் கொள்வது. கடைப்பட்டவருக்கு நெய்யரி ஓர் உவமை. பன்னாடையால் நெய்யை வடித்தால், நெய் ஒழுகிப் போய்விடும். கசடு மட்டும் தங்கிவிடும். இரண்டு பத்தித் தாளில் பாடத்தையும் கோபத்தையும் பிரித்து எழுதியபோது நான் அன்னமாக இருந்தேன் என்று எண்ணியிருந்தேன். கோபத்தின் பத்தியைப் பிரித்தேனே தவிர, அதைக் கீழே போடவில்லை. இருபது ஆண்டுகள் அதை உள்ளே வைத்திருந்து, ஒரு பாவமும் அறியாத பெண்ணிடம் கொட்டினேன். கடுமையான வழிகாட்டியிடம் நாம் படும் துன்பத்தைவிடப் பெரிய தீமை இதுதான்: அவருடைய அறிவை மறந்துவிட்டு அவருடைய கடுமையைக் கற்றுக்கொள்வது.

அந்தப் பயிற்சி ஆசிரியையின் சொற்களை இங்குள்ள இளையோர் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. திருத்தம் வேண்டாம் என்று கேட்கவில்லை. இன்னும் வேண்டும் என்று கேட்டார். இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றச் சொன்னார். அதற்குத் தம் மன வருத்தத்தைக் காரணமாகக் காட்டாமல், பிள்ளைகளின் கற்றலைக் காட்டினார். தன்மானத்துக்காகக் கேட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன். பிள்ளைகளுக்காகக் கேட்டதால் எனக்கு வாதம் இல்லாமல் போயிற்று. 1983இல் எனக்கு வராத துணிவு அது. பணிவும் துணிவும் ஒன்றுக்கொன்று பகை என்று நான் எண்ணியிருந்தேன். அவை ஒரே வாக்கியத்தில் இருக்க முடியும் என்பதை அவர் எனக்குக் காட்டினார்.

மறுநாள் அவருடைய நாள் பாடத்திட்டப் புத்தகத்தில், அவர் எழுதியிருந்த சிந்தனை மீட்சிக்குக் கீழே, நீல மையில் எழுதினேன்: "நேற்று நான் செய்தது தவறு. இனிப் பள்ளி முடிந்த பிறகு பேசுவோம்." பிறகு வகுப்புக்குச் சென்று, பிள்ளைகள் முன்னால் அவரிடம் இசைவு கேட்டுவிட்டுப் பின் இருக்கையில் அமர்ந்தேன். பிள்ளைகள் முன் எடுத்ததைப் பிள்ளைகள் முன்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வழிகாட்டப் போகும் உங்களுக்கு

இந்த அவையில் மூத்த ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு சொல். வழிகாட்டிப் பொறுப்பு பெரும்பாலும் நம் வேலைச் சுமையின் மேல் இன்னொரு சுமையாகவே வருகிறது. புறப்பாட நடவடிக்கை, பெற்றோர் சந்திப்பு, தேர்வுத் தாள், இவற்றுக்கிடையே ஒரு புதியவர் வந்து நிற்கிறார். நம் களைப்பை அவர் மேல் இறக்கி வைப்பது எளிது. அப்படிச் செய்யாமலிருக்க நான் எனக்கே விதித்துக்கொண்டவை மூன்று. வகுப்பு நடக்கும்போது எழுவதில்லை. ஒரு பாடத்துக்கு இரண்டு குறைகளுக்கு மேல் சொல்வதில்லை. எஞ்சியவற்றை அடுத்த வாரத்துக்கு வைப்பேன். குறை சொல்லும்போது, அதை நானும் என்றோ செய்தேன் என்றால் அதையும் சேர்த்துச் சொல்வேன். நல்லாசிரியருக்குச் சொன்ன உவமைகளில் நிறைகோலும் மலரும் அடுத்தடுத்து நிற்கின்றன. எடையில் பிசகாமை வேண்டும். தொடுகையில் மென்மையும் வேண்டும். எடை போடத் தெரிந்த நமக்கு, மென்மையைத்தான் பிறரிடமிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

இளையோரே, உங்களில் சிலருக்கு இந்த ஆண்டே கடுமையான வழிகாட்டி ஒருவர் வாய்க்கலாம். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். பாடத்தையும் கோபத்தையும் பிரித்து எழுதுங்கள். பாடத்தின் பக்கத்தைப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள், நெடுநாள் பயன்படும். கோபத்தின் பக்கத்தை ஒரு முறை படித்துப் பார்த்து, அதில் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய தீங்கு எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, கிழித்து எறிந்துவிடுங்கள். அதை வைத்திருந்தால், பல ஆண்டுகள் கழித்து முன்பின் அறியாத ஒரு பிள்ளை அதன் விலையைக் கொடுக்க நேரும்.

என் வழிகாட்டி இன்று இல்லை. அவர் சொல்லிக் கொடுத்த முறையில் ழகரம் கற்ற பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளிகளில் படிக்கிறார்கள். அவருடைய சிவப்பு மை என்னோடு முடியட்டும். அவருடைய ழகரம் தொடரட்டும்.